இலை கழுவிய நீர்

ஆகஸ்ட் 6

தங்கைக்கு,

இது உறவு கொண்டாட எழுதும் கடிதம் இல்லை. உனக்குத் தெரிந்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் அப்பா படுத்திருந்த கட்டில்தான் முன்னால் வந்து நிற்கிறது. அப்புறம் என் வாயில் நல்ல வார்த்தை வராது. எழுதினால் கை மட்டும்தான் வலிக்கும்.

புழுக்கள் செத்துவிட்டன. என்னுடையவை மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு வாரிக் குழியில் கொட்டியிருப்பேன். இந்தப் பருவத்தில் நான் பொரித்து, இரண்டு தோல் உரிக்கும்வரை வளர்த்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்த இளம்புழு அத்தனையும் போய்விட்டது. கொடுக்கும்போது ஒன்றில்கூடக் குறை இல்லை. மூன்றாவது தோலை உரித்த பிறகுதான் தின்பதை நிறுத்தின. உடம்பு தளர்ந்து, கறுத்து, தட்டின் விளிம்பில் தலைகீழாகத் தொங்கின. தொட்டால் கையோடு வந்தது. அந்த நாற்றம் இன்னும் என் புடவையில் இருக்கிறது.

எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, நோய் என் வளர்ப்பு மனையில் தொடங்கியது என்று. கடைசி வீட்டு அண்ணி ஒரு கூடை நிறைய செத்த புழுவைக் கொண்டுவந்து என் வாசலில் கவிழ்த்தாள். "நீ வளத்த பிள்ளைங்கதானே, நீயே எடுத்துக் கொஞ்சு" என்றாள். போன பருவம் வரை "புழுக்காரி கை பட்டா பிழைச்சுக்கும்" என்று சொன்னவளும் இவள்தான்.

பால் நோயாக இருக்குமோ என்று நானும் புழுவின் காலைக் குத்திப் பார்த்தேன். வெள்ளையாக எதுவும் வரவில்லை, தெளிந்த நீர்தான் வந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? என் வீட்டுக்காரர், உன் மாமா, எதுவும் பேசுவதில்லை. நான் கை கழுவும்போது மட்டும் என் கைகளையே பார்க்கிறார். அது பேசுவதை விட மோசம்.

சுற்றிலும் உருளைக்கிழங்கு வயலில் இந்த வருடம் வண்டுக்குப் புது மருந்து அடித்தார்கள். காற்றில் அந்தச் சாரல் எங்கள் மல்பெரிப் பக்கமும் வந்தது. ஆனால் அது நீ வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்து மருந்தாமே, வண்டைத் தவிர எதையும் தொடாதாம். நீ இருக்கிற இடம் என்பதால் அதை நான் சந்தேகப்படவில்லை.

பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கும் புட்டியில் ஸ்பிரிட்டில் போட்ட புழுக்கள் இருக்கின்றன. பூச்சியின் வயிற்றைப் பற்றித்தானே இத்தனை வருடம் படித்தாய்? பார்த்துச் சொல். நோய் என் வீட்டிலிருந்து போனதா, இல்லையா? எனக்கு இருக்கிறது அந்த ஒரு பேர்தான். அதுவும் போனால் நான் இந்தத் தெருவில் நடமாட முடியாது.

அக்கா

*

ஆகஸ்ட் 15

அக்கா,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் உடனே பிரிக்கவில்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினேன். நீ திட்டி எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். திட்டாமல் எழுதியிருந்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நோய்க்கிருமி எதுவும் நான் தேடியவரையில் இல்லை. பால் நோய் இருந்தால் உடம்பு நீரில் பளபளக்கும் மணிகள் தெரியும். ஒன்றுகூடத் தெரியவில்லை.

ஆனால் குடலைக் கீறிப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. எப்படிச் சொல்வது என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். புழுவின் குடல் சுவர் ஒரே ஒரு வரிசைச் செல்களால் ஆனது. செங்கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்த மாதிரி. இரண்டு செங்கல்லுக்கு நடுவே இடுக்கு இருக்குமல்லவா, அதன் வழியாகத் தின்ற இலையின் சாறும் அதிலிருக்கும் கிருமியும் உடம்புக்குள் கசியாமல் இருக்க, செல்கள் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருக்கும். பெரிய நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தத் தையல் ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். அதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. முக்கியமானவை மூன்று. விசித்திரம் என்னவென்றால், மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டும் தங்கள் இடத்துக்கு வந்து சேருவதில்லை. செல்லுக்குள்ளேயே வழி தெரியாதவை போலச் சிதறிக் கிடக்கும். தையலே விழாது.

உன் புழுக்களின் குடலில் சாயம் ஏற்றிப் பார்த்தேன். கோடாக ஓட வேண்டிய தையல் விட்டுவிட்டு இருக்கிறது. பல இடங்களில் இல்லவே இல்லை. குடலில் இருக்க வேண்டியது உடம்புக்குள் கசிந்திருக்கிறது. கறுத்துத் தளர்ந்தது அதனால்தான்.

உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் வண்டு மருந்து செய்வதும் இதைத்தான். அது விஷம் இல்லை. அந்த மூன்றில் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆணையை, வண்டின் செல்லே கிழித்துப் போடும்படி ஏமாற்றும் ஒரு பொருள். வண்டின் ஆணையும் பட்டுப்புழுவின் ஆணையும் வேறுவேறு. ஒரு சிறிய துண்டு மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது. அதனால்தான் பட்டுப்புழுவுக்குத் தனியாகச் சோதனை வேண்டும் என்றார்கள். அந்தச் சோதனையைச் செய்தது நான். அதை விட்டுவிட்டு வர முடியாமல்தான் மார்ச்சில் அப்பாவின் கடைசி நாட்களில்... அது உனக்குத் தெரியும்.

ஒரு புழுகூடச் சாகவில்லை, அக்கா. நம் வீட்டில் வளர்த்த மாதிரியே வளர்த்தேன். மருந்து தெளித்து, காயவிட்டு, ஒவ்வொரு இலையையும் நீ சொல்லிக்கொடுத்தபடி கழுவித் துடைத்து, நிழலில் உலர்த்திக் கொடுத்தேன். எல்லாம் அழகாகக் கூடு கட்டின. அதனால் மருந்தாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். கடும் வெயிலிலும் தையல் குலையலாம்.

உன்னிடம் உயிரோடு புழு ஏதாவது மிஞ்சியிருந்தால் ஒன்று செய். கேக்கில் போடும் நீலச் சாயத்தை இலையில் தடவிக் கொடு. குடல் நன்றாக இருந்தால் முதுகோடு ஒரு நீலக் கோடு மட்டும் தெரியும். தையல் விட்டிருந்தால் உடம்பு முழுவதும் நீலமாகும்.

மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல், உன் கையில் நோய் இல்லை.

தங்கை

*

ஆகஸ்ட் 24

தங்கைக்கு,

ஏணி, செங்கல், தையல் எல்லாம் படித்தேன். புரிந்தது. பூச்சிக்குப் பிறந்தவளா நீ என்று அப்பா கேட்டது சரிதான். புரியாதது ஒன்றுதான். தையல் பிரிந்திருக்கிறது என்கிறாய். தையலைப் பிரிக்கிற மருந்து உங்களுடையது என்கிறாய். பிறகு அந்த மருந்து பிரிக்கவில்லை, வெயில் பிரித்தது என்கிறாய். உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டில் காட்டினால் "படிச்ச தங்கச்சி அக்காவுக்கு வக்காலத்து வாங்குது" என்று சிரிப்பார்கள். காட்டவில்லை.

நீலம் கொடுத்தேன். தாமதமாகப் பொரிந்த கொஞ்சம் புழு தனித் தட்டில் இருந்தது. அவற்றை இரண்டாகப் பிரித்தேன். ஒரு தட்டுக்குக் கிணற்றடிப் பாத்தி இலை. அது வீட்டுக்குப் பின்னால், சுவருக்கு இந்தப் பக்கம், எந்தச் சாரலும் படாத இடம். இளம்புழுவுக்கு எப்போதும் அங்கேதான் இலை பறிப்பேன். இன்னொரு தட்டுக்கு வயலோரத்து இலை. அடுத்த தோல் உரித்ததும் இரண்டுக்கும் நீலம்.

கிணற்றடி இலை தின்றவை நீ சொன்ன மாதிரியே இருந்தன. முதுகில் பேனாவால் இழுத்த கோடு. ஜன்னலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், அழகாகவே இருந்தது.

மற்றவை நீலமாகிவிட்டன. வயிறு, முதுகு, கால் எல்லாம். கால் நுனிகூட நீலம், தெரியுமா? சில அதற்குப் பிறகும் தலையைத் தூக்கி இலையைத் தேடின. நான் இத்தனை வருடம் புழு செத்துப் பார்த்திருக்கிறேன். இப்படி உள்ளிருந்து ஒழுகிச் சாவதைப் பார்த்ததில்லை. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாயத்தைப் போட்டா நீலமாத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இலை கழுவிக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய். நன்றாக இருக்கிறது உன் ராஜ வாழ்க்கை. உன் புழுக்களுக்கு என்னைவிட நல்ல வேலைக்காரி கிடைத்திருக்கிறாள். நாம் கழுவினது மண் ரோட்டுப் புழுதிக்காக. வாளித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் ஒரு சிட்டிகை, ஒரு முக்கு, ஒரு துடைப்பு. நீ ஊரை விட்டுப் போனதுக்கு அடுத்த வருடமே தார் போட்டுவிட்டார்கள். புழுதியே இல்லை. இப்போது யார் இலையைக் கழுவுகிறார்கள்? பறிக்கிறோம், போடுகிறோம். உனக்கு இதெல்லாம் எங்கே தெரியும், வந்தால்தானே?

வரும் ஞாயிற்றுக்கிழமை இலைக் கொட்டகையில் எல்லோரும் கூடுகிறார்கள். என்னைப் பற்றிப் பேச. என்னைக் கூப்பிடவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 31

அக்கா,

உன் கடிதத்தை ஆய்வகத்துக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். தார் ரோடு பற்றிய வரிக்கு வந்ததும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மறந்துவிட்டேன். கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ கிண்டலுக்கு எழுதினாய். நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு அந்த வரியில்தான் தெரிந்தது.

நேராகச் சொல்கிறேன். எங்கள் மருந்துக்குப் பெரிய எதிரி பிளீச்சிங் தண்ணீர். ஆய்வக மேசையில் அந்தப் பொருள் ஒட்டியிருந்தால் அடுத்த வேலை கெட்டுவிடும் என்பதால், தினமும் அந்தத் தண்ணீரைத் தெளித்துத் துடைத்துத்தான் அதை அழிக்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதே நான், சோதனை இலையின் மேல் மருந்தைத் தெளித்து, காயவிட்டு, பிறகு பிளீச்சிங் வாளியில் முக்கித் துடைத்து, புழுவுக்குப் போட்டேன். மேசையருகே அது மருந்தை அழிக்கும் தண்ணீர். புழுத் தட்டருகே அது இலை கழுவும் தண்ணீர். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. கழுவாத இலையைப் புழுவுக்குப் போட என் கை வராது. யோசித்துச் செய்ததில்லை அது. நீ முறத்தால் அடித்துப் பழக்கியது.

என் புழுக்கள் மருந்தைத் தின்னவே இல்லை, அக்கா. வெறும் இலையைத் தின்றன. நான் "பாதுகாப்பானது" என்று கையெழுத்துப் போட்டேன்.

கழுவாத இலையில் மறுபடி செய்து பார்த்தேன். நீ பார்த்ததையே நானும் பார்த்தேன். பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் கண்ணாடி (அவன் பேரையே எல்லோரும் மறந்துவிட்டோம், மூக்குக் கண்ணாடி அப்படி) வந்து எட்டிப் பார்த்து, "என்ன, பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறியா?" என்றான். தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன், அவன் சிரிப்பு நின்றது. "வயல்ல இதைத்தானே அடிச்சிருக்காங்க?" என்றான். பிறகு அவன் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

இயக்குநரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சிக்கல். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். "இப்ப எதையும் எழுத்துல கொடுக்க வேண்டாம்மா. ஒரு பருவம் பொறுங்க. நாமளே மெதுவா அளவைக் குறைச்சுக்கலாம்."

"அதுக்குள்ள மேட்டுப் பக்க வயலுக்கும் அடிச்சிடுவாங்க சார். அங்கேயும் புழு வளக்குறாங்க."

"உங்க வீடு அந்தப் பக்கமா?"

"எங்க அக்கா வீடு இந்தப் பக்கம்."

"அப்ப உங்களுக்கு இதுல சொந்த நலன் இருக்குன்னு சொல்லுவாங்களே" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

எழுத்தில் கொடுத்துவிட்டேன். இலை கழுவியது உட்பட எல்லாவற்றையும். என்ன ஆகும் என்று தெரியவில்லை. உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். அதை மட்டும் செய்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதிய பத்தியை வெட்டிவிட்டேன். அதைப் படிக்கும் வேலையையும் உனக்கு வைக்க வேண்டாம் என்று.

தங்கை

*

செப்டம்பர் 9

தங்கைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று எழுத ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். தபால்காரர் மேல் என்ன தப்பு?

இலைக் கொட்டகையில் கூடினவர்கள், என் வளர்ப்பு மனையைச் சுத்தம் செய்தால்தான் அடுத்த பருவம் எல்லோரும் புழு முட்டை வாங்குவார்கள் என்று முடிவு செய்துவிட்டார்கள். சுத்தம் என்றால் தெரியும்தானே? திங்கட்கிழமை காலையில் வந்தார்கள். தட்டு, தட்டி, ஓலைப் பாய், எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு. தரையைக் கொத்தி மேல் மண்ணை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் தடுக்கவில்லை. தடுத்திருப்பேன், ஆனால் தீக்குச்சியைக் கிழித்தது அடுத்த வீட்டுக்காரர் இல்லை, மாமா. "நம்ம கையாலயே செஞ்சிடலாம், அவங்க செஞ்சா அசிங்கம்" என்றார். அன்று மத்தியானமே மரக்கிடங்கில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். வாரக் கடைசியில் வருவேன் என்றார். வரவில்லை.

கிணற்றடி இலை தின்ற புழுக்களையும் சேர்த்துத்தான் கொளுத்தினார்கள். நீலக் கோடு போட்டவை. அவை பிழைத்திருந்தால் அதைக் காட்டியாவது பேசியிருப்பேன். "இதுங்க நல்லா இருக்கே" என்று சொல்லிக்கொண்டேதான் கடைசி வீட்டு அண்ணி தட்டைத் தூக்கித் தீயில் போட்டாள்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாய். உன் காகிதத்தை நான் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக மாட்டேன். அது என் வேலை இல்லை. நீ வா. கொட்டகையில் நின்று உன் வாயால் சொல். நோய் புழுக்காரி வீட்டில் இல்லை, மருந்தில் இருக்கிறது, அந்த மருந்துக்குக் கையெழுத்துப் போட்டது நான் என்று சொல். அவர்கள் உன்னைத் திட்டுவார்கள். கை ஓங்கினாலும் ஓங்குவார்கள். நான் நடுவில் வர மாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்பா கடைசியில் யார் பேரைச் சொன்னார் என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை. அதற்காக வராதே. இதற்காக வா.

அக்கா

*

செப்டம்பர் 27

அக்கா,

உன் வீட்டிலிருந்து இங்கே திரும்பி இரண்டு நாள் ஆகிறது. பஸ் வரும்வரை உன் வாசலில் நீயும் நானும் நின்றது அப்படியே கண்ணில் இருக்கிறது. எழுதாவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பேன் போலிருக்கிறது.

நான் தயாரித்துக்கொண்டு வந்தது ஒன்று. கொட்டகையில் நடந்தது வேறு. அவர்கள் அடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். மீசைக்காரப் பெரியவர் மட்டும், "அப்ப எங்க புழு நோயில சாகலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்று நான் சொன்னபோது உன் பக்கம் பார்த்தேன். உன் தோள் கொஞ்சம் இறங்கியது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கடைசி வீட்டு அண்ணி எழுந்தாள். "இலையைக் கழுவுனதாலதான் உனக்குத் தெரியாமப் போச்சுங்கிறியா?"

"ஆமா."

"கழுவச் சொல்லிக் குடுத்தது யாரு?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் நான். "எங்க அக்கா" என்று என் வாயிலிருந்து வந்ததும், கொட்டகை முழுவதும் உன் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். "பாத்தீங்களா, சுத்தி வந்து அங்கேயேதான் நிக்குது" என்றாள் அவள். யாரோ சிரித்தார்கள்.

அப்படி இல்லை என்று கத்தினேன். கத்துகிறவள் பேச்சை யார் கேட்கிறார்கள்?

இங்கேயும் அதே கதைதான், வேறு மொழியில். என் அறிக்கைக்குப் பதில் வந்துவிட்டது. தவறு சோதனை செய்தவரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் என் அறிக்கையேதான். பிளீச்சிங் தண்ணீரில் கழுவிய ஒருத்தி செய்த முதல் சோதனையையும் நம்ப முடியாதாம், இரண்டாவதையும் நம்ப முடியாதாம். வேறொருவர் புதிதாகச் செய்யும்வரை மருந்து இப்போதிருக்கும் நிலையிலேயே தொடரும். மேட்டுப் பக்கத்துக்குப் பீப்பாய்கள் போய்விட்டன. லாரி கிளம்பும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். காவலாளி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார், தூசி படும் என்று.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். கண்ணாடி என் மேசைச் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவனும் கழுவாத இலையில் செய்து பார்க்கப் போகிறானாம். "செஞ்சா என்னையும் வெளிய போடுவாங்க, பரவாயில்ல, எங்க அப்பாவுக்கு மளிகைக் கடை இருக்கு" என்றான். சிரிக்க முயன்றான். செய்வானா என்று தெரியவில்லை. அவனுக்கு இரண்டு குழந்தைகள்.

உண்மையைச் சொன்னால் உன் பேர் திரும்ப வரும் என்று நம்பினேன். உண்மையை இப்படியும் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தெரியாது. அதைப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். தெரிந்திருக்கவில்லை.

உனக்குக் கெடுதல் செய்யவே வந்துபோனது போலாகிவிட்டது. இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

தங்கை

*

அக்டோபர் 18

தங்கைக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று நீ சொன்னதால் எழுதாமல் இருந்தேன் என்று நினைக்காதே. கையில் வேலை இருந்தது. கருகின தட்டிக் குச்சிகளைப் பொறுக்கி அடுப்புக்கு அடுக்கினேன். நல்ல விறகு. கொளுத்தினவர்கள் சரியாகக் கொளுத்தவில்லை.

மேட்டுப் பக்கம் சாக ஆரம்பித்துவிட்டது. அங்கே நான் ஒரு புழுவும் கொடுத்ததில்லை, அவர்கள் முட்டை வேறு இடத்து முட்டை. தினமும் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். "அங்கேயும் கறுத்துத் தொங்குதாம்" என்பார்கள். என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் "அப்படியா" என்பேன்.

வியாழக்கிழமை கடைசி வீட்டு அண்ணி வந்தாள். முன் வாசல் வழியாக. கையில் புழு முட்டை ஒட்டிய தாள், ஈரத்துணி சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு. திண்டாட்டம் முகத்திலேயே இருந்தது. வந்து உட்கார்ந்து முதலில் என் தலைவலியை விசாரித்தாள். எனக்குத் தலைவலி இல்லை என்றேன். அப்புறம் தாளை நீட்டினாள்.

"நீயே பொரிச்சுக் குடு. எல்லாரும் சொல்லிட்டாங்க. புழுக்காரி கைதான் ராசின்னு."

நீ இங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாயோ. எனக்கு அந்தத் தாளை வாங்கிக்கொள்ளக் கை துறுதுறுவென்றது. வாங்கினால் போதும். என் பேர் என் வீட்டுக்கு வந்துவிடும். வேறு ஒன்றும் வேண்டாம். பொரித்து, கிணற்றடி இலை போட்டு, இரண்டு தோல் உரித்ததும் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது ஒன்றில்கூடக் குறை இருக்காது. அதற்கு மேல் நடப்பது அவர்கள் இலை, அவர்கள் பாடு.

"எந்த இலை போடுவீங்க?" என்று கேட்டேன்.

"வயலோரத்து இலைதான். வேற எங்க இருக்கு?"

"அதுல மருந்து இருக்கு அண்ணி. என் தங்கச்சி வந்து சொன்னாளே. கழுவிப் போடுங்க, இல்லேன்னா வேண்டாம்."

"இத்தனை புழுவுக்கு யாரு கழுவுறது? அதுவும் பெரிய புழுவுக்கு ஈர இலையா? உன் தங்கச்சி சொன்னதைத்தான் அவ ஆபீஸ்லயே யாரும் நம்பலையாமே."

"அப்ப நான் பொரிக்க மாட்டேன்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. நிம்மதி மாதிரி ஒன்று. "அப்ப நோய் இங்கதான் இருக்கு. உனக்கே தெரியுது, அதான் பயப்படுற" என்றாள். துணியை மறுபடி சுற்றிக்கொண்டு எழுந்தாள். சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது, புழுக்காரியே ஒப்புக்கொண்டாள் என்று. முட்டையைப் பக்கத்து ஊரில் யாரிடமோ கொடுத்திருக்கிறார்கள். நான் கடைக்குப் போனால் பேச்சு நின்று, நான் வெளியே வந்ததும் தொடர்கிறது.

அப்படித்தான் முடிந்தது. நீ கொட்டகையில் சொன்னதற்கு என்ன கிடைத்ததோ அதேதான் எனக்கும். இதை உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை.

மாமா மரக்கிடங்குப் பக்கமே அறை எடுத்துவிட்டார். இங்கே இத்தனை பெரிய வீட்டில் நான் ஒருத்தி கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருக்கிறேன். உனக்கும் அங்கே வேலை இல்லை. வாடகை கொடுத்துக்கொண்டு யாருக்காக உட்கார்ந்திருக்கிறாய்? கிணற்றடிப் பாத்தி என்னுடையது, அதில் யார் சாரலும் படாது. ஒரு தட்டுக்கு இலை வரும். விற்க முடியாது, யாரும் வாங்க மாட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கலாம். நீ எழுத வேண்டியது ஏதாவது இருந்தால் அதைப் பார்த்து எழுது, யாராவது ஒருநாள் படிப்பார்கள், படிக்காமலும் போவார்கள்.

அப்பா அறையைப் பெருக்கிவிட்டேன். கட்டிலை வெயிலில் போட்டு எடுத்தேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. அதை நான் இன்னும் செய்யவில்லை, செய்வேனா என்றும் தெரியாது. அது இல்லாமலே வா.

அக்கா